கதவடைத்து உண்ட கீரை

‘சோல் ஃபுட்’ என்னும் தொடரைத் தமிழில் எங்ஙனம் பெயர்ப்பது? ‘ஆன்ம உணவு’ என்று எழுதினால் வெங்காயமும் பூண்டும் விலக்கி, மடங்களில் இலையிட்டுப் பரிமாறும் உணவே நம்மவர் நினைவுக்கு வரும். அமெரிக்கத் தென்மாநிலக் கறுப்பின மக்கள் அப்பெயரால் சுட்டுவதோ எண்ணெயில் பொரித்த கோழியையும், புகையூட்டிய இறைச்சித் துண்டோடு நெடுநேரம் வெந்த கீரையையும், பன்றிக் குடலையும், மக்காச்சோள ரொட்டியையும். ‘உயிருணவு’ எனலாம், அது மருத்துவக் குறிப்பு போல் ஒலிக்கிறது. இசைக்கு ‘சோல்’ என்ற அடைமொழி கிடைத்த அதே காலத்தில், 1960களில், சோற்றுக்கும் அது பரவலாயிற்று. ஆகவே பெயர்க்காமல் ‘சோல் ஃபுட்’ என்றே எழுதிச் செல்கிறேன். பொறுத்தருள்க.

2019ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், அட்லாண்டா நகரின் புறப்பகுதியில் வசிக்கும் என் தம்பியின் வீட்டிற்கு அம்மாவை அழைத்துச் சென்றிருந்தேன். அங்கிருந்த நாள்களில் ஒரு பகற்பொழுது நாங்கள் மூவரும் பாஸ்கல்ஸ் என்னும் புகழ்பெற்ற சோல் ஃபுட் உணவகத்தில் உண்டோம். உண்டதைப் பற்றி எழுதுமுன் அந்த உணவு வந்த வழியைச் சிறிது சொல்லியாக வேண்டும். வரலாறு தெரியாமல் உண்டால் அது வெறும் பொரித்த கோழி.

பண்ணை அடிமைகளுக்கு வாரந்தோறும் அளந்து கொடுக்கப்பட்டவை பெரும்பாலும் மக்காச்சோள மாவும் உப்பிட்ட பன்றி இறைச்சியுமே. எஞ்சியவற்றை அவர்களே தேடிக்கொண்டனர். குடிசையோரம் கிடைத்த துண்டு நிலத்தில் கீரை பயிரிட்டனர். ஆற்றில் மீன் பிடித்தனர். எசமானர் வீட்டில் வேண்டாமென ஒதுக்கிய கால், குடல், தலை ஆகியவற்றைக் கழுவிச் சமைத்தனர். ஆப்பிரிக்காவிலிருந்து மனிதரை ஏற்றி வந்த கப்பல்களின் வழியே வெண்டையும் வந்தது. சென்னையில் காராமணி என்றும் எங்கள் பக்கம் தட்டாம்பயறு என்றும் வழங்கும் பயறும் வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் வள்ளிக்கிழங்கு மட்டும் அம்மண்ணில் வாய்க்கவில்லை. அதன் பெயரைச் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குச் சூட்டி அதனையே ‘யாம்’ என்று அழைத்தனர். இழந்த பொருளின் பெயரைக் கிடைத்த பொருளுக்கு இட்டு வாழ்வது புலம்பெயர்ந்தோர் அனைவர்க்கும் உரிய பழக்கம் போலும்.

பின்னர் 1910 முதல் 1970 வரை ஏறத்தாழ அறுபது இலட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்கிலும் மேற்கிலும் உள்ள நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அடுப்பும் உடன் சென்றது. பிறந்த மண்ணில் அன்றாடச் சாப்பாடாக இருந்தது, சிகாகோவிலும் நியூயார்க்கிலும் ஊர் நினைவாக மாறியது. கறுப்பினத்தவர்க்கெனத் தனித்த சமையல் ஏதுமில்லை என்ற பேச்சுக்கு விடையாக, பின்னாளில் அமிரி பராக்கா எனப் பெயர் மாற்றிக்கொண்ட லெராய் ஜோன்ஸ் எழுதிய ‘சோல் ஃபுட்’ என்னும் கட்டுரை, 1966இல் வெளிவந்த ‘ஹோம்’ தொகுப்பில் உள்ளது. ஆனால் எல்லாரும் இதில் பெருமை கொண்டனர் என்று எண்ணிவிடலாகாது. எலைஜா முகம்மது 1967இல் வெளியிட்ட நூலில் இவ்வுணவை அடிமைத்தனத்தின் எச்சம் என்று விலக்கினார். பன்றியோடு நில்லாமல் பயறும் கிழங்கும்கூட அவருக்கு ஆகாதவையாயின. தாழ்த்தப்பட்ட காலத்தின் உணவைத் தலைமேல் தூக்கி வைப்பதா, தூர எறிவதா என்னும் வழக்கு அம்மக்களிடையே இன்றும் தீர்ந்தபாடில்லை.

இனி அட்லாண்டாவுக்கு வருவோம். அந்நகரில் ஒரே பண்டத்தை விற்ற இரண்டு கடைகளின் கதையைச் சொன்னால் போதும்.

முதற்கடை பாஸ்கல்ஸ். ராபர்ட், ஜேம்ஸ் என்னும் பாஸ்கல் சகோதரர்கள் 1947இல் வெஸ்ட் ஹண்டர் தெருவில் தொடங்கிய சிறு கடை அது. அத்தெரு இன்று மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரைத் தாங்கியுள்ளது. தொடக்கத்தில் கடையில் அடுப்பே இல்லை. ராபர்ட்டின் வீட்டில் கோழியைப் பொரித்து வாடகைக் காரில் கொண்டுவந்து விற்றார்கள். 1959இல் தெருவுக்கு எதிர்ப்புறம் பெரிய கட்டடத்திற்கு மாறினார்கள். அடுத்த ஆண்டு அதனோடு ஓர் இசையரங்கும் சேர்ந்தது. சட்டம் இரு நிறத்தாரையும் பிரித்து வைத்திருந்த நாள்களில் அங்கே இரு நிறத்தாரும் ஒருங்கே அமர்ந்தனர். குடியுரிமைப் போராட்டத் தலைவர்கள் கூடிப் பேசிய இடமும் அதுவே. கிங், ஆண்ட்ரூ யங், ஜான் லூயிஸ் முதலியோர் அங்கே உண்டுகொண்டே திட்டம் தீட்டினர். மறியலில் கைதாகி விடுதலையாகும் மாணவர்களைப் பெற்றோர் வந்து சந்திப்பதற்காக அச்சகோதரர்கள் இரவு நெடுநேரம் கடையைத் திறந்து வைத்துக் காசு வாங்காமல் உணவிட்டனர். சிறைப்பட்டோருக்குப் பிணைத்தொகையும் கட்டினர்.

அம்மாணவர்கள் எதற்காகச் சிறை சென்றனர் என்பதும் நினைக்கத்தக்கது. உணவகத்தில் உட்கார்ந்ததற்காக. அந்நகரின் ரிச்ஸ் என்னும் பேரங்காடியில் கறுப்பினத்தவர் துணி வாங்கலாம், பாத்திரம் வாங்கலாம். அங்குள்ள உணவகத்தில் அமரக் கூடாது. 1960 அக்டோபர் 19ஆம் நாள் கிங் கைதானது அந்த மறியலில்தான்.

இரண்டாம் கடை பிக்ரிக். உரிமையாளர் லெஸ்டர் மேடாக்ஸ் என்னும் வெள்ளையர். அங்கும் பொரித்த கோழிக்குத்தான் பெயர். பொது உணவகங்களில் நிறவேற்றுமை கூடாது என்னும் குடியுரிமைச் சட்டம் 1964 ஜூலை 2ஆம் நாள் கையொப்பமாயிற்று. மறுநாளே உண்ண வந்த கறுப்பின இளைஞர் மூவரை அவர் கைத்துப்பாக்கியோடு வாயிலில் நின்று துரத்தினார். அவருடைய ஆட்கள் கோடாரிக் காம்புகளுடன் நின்றனர். பிறகு அக்காம்புகளையே நினைவுப்பொருளாக விற்கவும் செய்தார். நீதிமன்றம் அவரை விடவில்லை. கறுப்பினத்தவருக்கு இலையிடுவதைக் காட்டிலும் கடையை மூடுவதே மேல் என்று மூடிவிட்டார். நாடகம் அங்கு முடியவில்லை. 1967இல் அவர் ஜார்ஜியா மாநிலத்தின் ஆளுநராகப் பதவியேற்றார்.

அதே ஆண்டுகளில் அண்டை மாநிலமான அலபாமாவின் பர்மிங்காம் நகரில் ஆலிஸ் பார்பிக்யூ என்றோர் உணவகம் இருந்தது. அங்கு வேலை செய்தோரில் மூன்றில் இரு பங்கினர் கறுப்பினத்தவர். உண்ண வரும் கறுப்பினத்தவர்க்கோ பொட்டலம் மட்டும் உண்டு, இருக்கை கிடையாது. இவ்வழக்கில் 1964 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு மனித மாண்பைத் தன் அடிப்படையாகக் கொள்ளவில்லை. அக்கடையின் இறைச்சி வெளிமாநிலத்திலிருந்து வருகிறது, எனவே மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குசெய்யும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்னும் வழியாகவே சட்டம் செல்லும் என்று கூறிற்று. மனிதன் உள்ளே வரும் உரிமையை இறைச்சி வந்த வழியைக் காட்டி நிலைநாட்ட வேண்டியிருந்தது.

சமைக்கும் கை எது, உண்ணும் பண்டம் எது என்பதிலெல்லாம் இவ்விரு சாராருக்கும் பூசல் இருந்ததில்லை. தெற்கத்திய வெள்ளையரும் அதே கோழியை, அதே கீரையை, அதே ரொட்டியைத்தான் உண்டனர். அந்தக் கீரை வெந்த சாற்றுக்கு ‘பாட்லிக்கர்’ என்று பெயர். மக்காச்சோள ரொட்டியை அதில் தோய்த்து உண்பதா, உதிர்த்துப் பிசைந்து உண்பதா என்று 1931இல் லூசியானா அரசியல்வாதி ஹியூயி லாங்குக்கும் அட்லாண்டா நாளிதழ் ஒன்றின் ஆசிரியருக்கும் பெரும் சொற்போர் நடந்தது. ஏழையின் கீரைச்சாறு ஆளுநர்களின் வாதப்பொருளாகும் அளவுக்குப் பொதுவானது. பொதுவாகாதது கதவு ஒன்றுதான்.

நாங்கள் சென்றது பாஸ்கல்ஸின் பழைய கட்டடத்திற்கு அன்று. அதை 1996இல் அருகிலுள்ள கறுப்பினப் பல்கலைக்கழகம் வாங்கிக்கொண்டது. 2002இல் காசில்பெரி ஹில் பகுதியில் எழுந்த புதிய உணவகம் இது. உயர்ந்த கூரை, அகன்ற கூடம், சுவர்களில் போராட்ட காலத்துப் படங்கள். ஞாயிற்றுக்கிழமையாதலால் தேவாலயத்திலிருந்து நேரே வந்த குடும்பங்கள் நிறைந்திருந்தன. தொப்பியணிந்த மூதாட்டியரைப் பேரப்பிள்ளைகள் கைப்பிடித்து அழைத்து வந்தனர். எங்களுக்கு இடம் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

பரிமாறிய அம்மையாருக்கு அறுபது வயதிருக்கும். வாய்க்கு வாய் அம்மாவை ‘ஹனி’ என்றழைத்தார். என்ன சொல்கிறார் என்று அம்மா கேட்க, “தேன்னு சொல்றாங்கம்மா” என்றான் தம்பி. “நாம தாயின்னு கூப்பிடுற மாதிரியா?” என்று கேட்டுவிட்டு அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தார். முதன்மைப் பண்டம் ஒன்றும் அதற்குத் துணையாக இரண்டும் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று தம்பி விளக்கினான். “ரெண்டு வெஞ்சனம்” என்று அம்மா அதைக் கரிசல் தமிழில் முடித்துவைத்தார். கோழியும் கொலார்டு கீரையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வந்தன. தனியே ஒரு கூடையில் மக்காச்சோள ரொட்டி. குவளை நிறைய இனிப்பு மிகுந்த குளிர்ந்த தேநீர்.

கோழியின் மேல்தோல் மொறுமொறுப்பாகவும் உள்ளே சாறு வற்றாமலும் இருந்தது. மசாலைக்குப் பழகிய நாவுக்கு உப்பும் மிளகும் மட்டுமே துலங்கின. கிழங்கு பாகில் ஊறிப் பாயசத்தின் எல்லையைத் தொட்டிருந்தது. அதனை உணவோடு உண்பது எனக்கு உவப்பாகவில்லை. கீரைதான் வியப்பு. நம் கீரையைப் போல் மசியவில்லை. முட்டைக்கோசின் இனத்தைச் சேர்ந்த தடித்த இலை. நெடுநேர வேக்காட்டில் தன் முரட்டுத்தனத்தை விட்டிருந்தது. புகைமணம், சிறு புளிப்பு, அடியில் இருண்ட பச்சை நிறச் சாறு.

அம்மா முள்கரண்டியை எடுத்தார். தம்பி முன்னமே சொல்லிப் பழக்கியிருந்தான். இரண்டு வாய் உண்டபின் சுற்றிலும் பார்த்தார். தொப்பி மூதாட்டியர் அனைவரும் கோழியைக் கையால் பிடித்தே கடித்துக்கொண்டிருந்தனர். அம்மா கரண்டியை வைத்துவிட்டு, ரொட்டியைக் கீரைச்சாற்றில் உதிர்த்து விரல்களால் பிசைந்து உண்ணத் தொடங்கினார். 1931ஆம் ஆண்டுச் சொற்போரில் அவர் எக்கட்சி என்பது தெளிவாயிற்று. தம்பி பக்கத்து மேசையைப் பார்த்தான். தண்ணீர் கொண்டுவந்த அம்மையார் சற்றே நின்று, தம் பாட்டியும் இப்படித்தான் பிசைந்து உண்பார் என்று சொல்லி, கேளாமலே இன்னொரு கிண்ணம் சாறு கொண்டுவந்து வைத்தார்.

அம்மா இத்தனை பேர் நடுவே இவ்வளவு இயல்பாக உண்டு நான் கண்டதில்லை. காரணம் உண்டு. நாங்கள் சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டினர். 1980களில் எங்கள் வீட்டில் அன்றாடம் கம்மங்கஞ்சிதான். தொட்டுக்கொள்ளக் காணத் துவையலோ மோர்மிளகாயோ கருவாடோ. நெல்லுச்சோறு நல்ல நாளுக்கு. அப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியர். அவருடன் பணியாற்றுவோர் யாரேனும் தெருமுனையில் தென்பட்டால் அம்மா கஞ்சிக் கும்பாவை அடுப்படிக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார். நாங்கள் பாதி வாயோடு எழுந்து திண்ணைக்கு வந்து, உண்டு முடித்தவர்கள் போல் நிற்போம். இன்று கம்பு சர்க்கரை நோயாளிகளின் மருந்தாகி, நகரக் கடைகளில் அரிசியைவிட விலையேறி விற்பது வேறு கதை.

பத்துப்பாட்டுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படையில் இக்காட்சி உண்டு. நத்தத்தனார் பாடியது. ஈன்ற நாய் பால் வற்றித் தன் குட்டிகளைப் பார்த்தே குரைக்கும் பாழ்த்த அடுக்களை. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கிறாள். வறுமையை அறியாது பழிபேசுவோர் காண நாணி, வாயிற்கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். இருபதாண்டுகளாக மாணவர்க்கு நான் சொல்லிவரும் இடம் இது. உரைகள் எல்லாம் வறுமையின் கொடுமையை விளக்குவதில் நின்றுவிடும். எனக்கு எப்போதும் தைப்பது அந்தக் கதவு. பசியை அவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். நாணத்தை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள். அதே பாட்டில் சற்றுத் தள்ளி நல்லியக்கோடனின் வாயில் வருகிறது. பொருநருக்கும் புலவருக்கும் அந்தணருக்கும் அது அடைபடுவதே இல்லை. ஒரு பாட்டுக்குள் இரண்டு கதவுகளை வைத்த புலவர் இரண்டையும் ஒப்பிட்டு ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கிங் 1959இல் மனைவியுடன் ஒரு மாதம் இந்தியாவில் பயணம் செய்தார். கன்னியாகுமரியில் கதிரவன் மறைவதையும் நிலவு எழுவதையும் கண்டு வியந்ததைப் பின்னர் தம் சொற்பொழிவில் எடுத்துரைத்தார். அப்பயணத்தில் திருவனந்தபுரத்தில் தீண்டாதாராக ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகள் பயிலும் பள்ளிக்குச் சென்றபோது, அதன் தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த நம்மைப் போன்றதொரு தீண்டாதார் என்று மாணவர்க்கு அறிமுகப்படுத்தினாராம். முதலில் அதிர்ந்ததாகவும், பின்பு அது உண்மையே என உணர்ந்ததாகவும் 1965இல் அட்லாண்டாவில் தம் தேவாலயத்தில் கிங் கூறினார். பாஸ்கல்ஸில் கோழி உண்டவர் நம் பக்கத்துக் கதவுகளையும் பார்த்துச் சென்றிருக்கிறார் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அந்தக் கதவுகளில் சில இன்னும் முழுதாகத் திறக்கவில்லை என்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டுக் கதவைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். அம்மா ஊரிலிருந்து நெத்திலிக் கருவாடு கொண்டுவந்திருந்தார், தம்பிக்காக. வந்த அன்றே அவன், “இங்கே வறுக்க வேண்டாம்மா, பக்கத்து வீட்டுக்காரங்க ஒரு மாதிரி பார்ப்பாங்க” என்று சொல்லி அதனைக் குளிர்ப்பெட்டியின் அடித்தட்டில் வைத்துவிட்டான். அம்மா மறுப்பேதும் கூறவில்லை. கும்பாவை மறைத்துப் பழகியவருக்கு இது புதிதன்று. பாஸ்கல்ஸுக்குச் சென்று வந்து மூன்று வாரம் கழித்து, நாங்கள் புறப்படுவதற்கு முந்தின நாள், அவன் தானாகவே ஒரு மின்னடுப்பைப் பின்முற்றத்து மரமேடைக்குக் கொண்டுவந்து, சமையலறைக் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, அம்மாவை வறுக்கச் சொன்னான். நின்றுகொண்டே பாதியைத் தின்றும் விட்டான்.

அம்மாவுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் என்னிடம் மெல்லச் சொன்னார்: “முன்னே நாம உள்ளே இருந்து கதவைச் சாத்துனோம். இவன் வெளியே நின்னுக்கிட்டுச் சாத்துறான்.”

நான் விடையளிக்கவில்லை. சென்ற பருவத்தில் சிறுபாணாற்றுப்படையை நடத்தியபோது, பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, “அம்மா, அந்தப் பொண்ணு கதவைத் திறந்து வெச்சே சாப்பிட்டிருந்தா, பாக்க வந்தவங்க என்ன செஞ்சிருப்பாங்க?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. பழிபேசியிருப்பார்கள் என்றான் ஒருவன். கொஞ்சம் உப்பு கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள் என்றாள் இன்னொருத்தி. மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்பில் இதைத்தான் தொடர வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.